வயிற்றில் வைத்த கை

ஜன்னல மட்டும் மூடிறாதீங்க பாப்பா. சாரல் அடிச்சா சொல்லுங்க, நான் ஓரமா வந்துக்கிறேன், நீங்க உள்ள தள்ளி உக்காருங்க. மூடிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. காத்து வந்துட்டே இருக்கணும். மேல என்ன நடக்குதுன்னு... இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பஸ்ஸுல எனக்கு வாந்தி வரும். அதுக்குத்தான்.

உங்க போன்ல டவர் இருக்கா? இல்லியா. என்னோடதுல செக்போஸ்ட் தாண்டினதுமே போயிருச்சு. சும்மா கேட்டேன். டவர் இருந்தாலும் அந்தப் பக்கம் இருக்கணும்ல. காலையில இருந்து அடிக்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பள சொல்லிட்டே இருக்கா. அவளுக்கென்ன.

என் மகள கூட்டிட்டு வரப் போறேன். வேற ஒண்ணுமில்ல. கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்துட்டா சரியாப் போயிரும்.

கம்பிய ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கேன்னு பாக்கிறீங்களா? எனக்கு எப்பவுமே இப்படித்தான். பயந்த சுபாவம். பெரிய லாரி வந்தா ரோட்ட விட்டே இறங்கிருவேன், கேஸ் அடுப்பு பத்த வெச்சா ரெண்டடி தள்ளி நிப்பேன். மார்க்கெட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுல வேலை எனக்கு. மொட்டு தனி, விரிஞ்சது தனின்னு மல்லிகைப்பூவப் பிரிக்கணும். நிழல்ல உக்காந்த வேலை. செவந்தின்னு என் பேரு, நான் பிரிக்கிறது மல்லி. அதையும் சொல்லிச் சிரிப்பாங்க.

நாங்க பளியங்க, மலை சனம். இந்த மலையில மூங்கிப்பள்ளம்னு ஒரு இடம், அங்கதான் பொறந்தேன். கல்யாணம் ஆன கையோட கீழ இறங்கிட்டோம். என் வீட்டுக்காரர் தவசி லோடு ஆட்டோ ஓட்டுறாரு. ஒரே பொண்ணு. பேரு ரோஷிணி. பேரைக் கேட்டா எந்த ஊரு, எந்த ஆளுன்னு யாருக்கும் தெரியக் கூடாது, அதுக்காகவே டிவி நாடகத்துல இருந்து எடுத்து வெச்சேன். ஒன்பதாவது படிக்கிறா.

அவளுக்குக் காடுன்னா என்னன்னே தெரியாம வளத்தேன் பாப்பா. கிழங்கு தோண்டுறது, பச்சிலை பறிக்கிறது எதையும் கண்ணுல காட்டல. சொந்தக்காரங்க கல்யாணம்னு மூங்கிப்பள்ளம் போனாக்கூட பொழுது சாயுறதுக்குள்ள கீழ கூட்டிட்டு வந்துருவேன். படிக்கட்டும், ஒரு ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காரட்டும்னு. இப்படி இறக்கி, யூனிபார்ம் போட்டு, ரெட்டைச் சடை பின்னி அனுப்பினா அந்த ஸ்கூல் என்ன பண்ணுது? திருப்பி மேல கூட்டிட்டுப் போகுது. இதுக்கு நான் இறங்கியே வந்திருக்க வேண்டாமே. அங்கயே இருந்திருப்பேனே.

இயற்கை மன்றம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ஆக்னஸ் டீச்சர்தான் அதுக்கு. சயின்ஸ் டீச்சர். நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. உங்களவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா சோறு தண்ணி இல்லாம அலையும். அது என்ன சொல்லுதுன்னா, வரப்போற பிள்ளைகளுக்கு இந்தப் பூமிய மிச்சம் வெக்கணுமாம், அதுக்கான வழி புஸ்தகத்துல பாதிதான் இருக்குதாம், மீதிப் பாதி எங்க ஆளுககிட்ட இருக்குதாம். எங்ககிட்ட. கேக்கவே எப்படி இருக்கு பாருங்க. நாங்களே ரேஷன் கடை வாசல்ல நிக்கிறோம்.

ஆடி மாசம் வீட்டுக்கே வந்துருச்சு டீச்சர். பாய விரிச்சு உக்கார வெச்சேன். "உங்களுக்குத் தெரிஞ்சத நீங்களே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லணும் செவந்திம்மா"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டுச்சு. எனக்கு என்ன தெரியும்? மாட்டேன்னு சொல்லவும் தெரியல. அதுதான் எனக்கு வராத வேலை. போனேன்.

ஸ்கூல் வேப்பமரத்தடியில நாற்காலி போட்டிருந்தாங்க. பிள்ளைக பூராவும் தரையில. எந்த மூலிகை எதுக்கு நல்லதுன்னு டீச்சர் கேக்குது. எங்க தாய்மாமன் ஒருத்தருக்குத் தெரியும், அவர் செத்துப் போயிட்டாரு. அதையே சொன்னேன். தேன் எப்படி எடுப்பீங்கன்னு கேட்டுச்சு. கயிறு பிடிக்கிறது ஆம்பளைக வேலை, நான் சின்னப் பிள்ளை, தூரத்துல உக்காந்திருப்பேன்னு சொன்னேன். பிள்ளைக கொட்டாவி விட ஆரம்பிச்சிருச்சுக. அப்ப டீச்சர், சரிம்மா, சின்ன வயசுல உங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுச்சு.

அதுக்கு எனக்குப் பதில் தெரியும். நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. ரோஷிணி முன்வரிசையில உக்காந்து என்னையவே பாத்துட்டிருந்தா. முழுங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டேன். சுண்டல் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு.

அப்புறம் ஹெட்மாஸ்டர் பேசினாரு. பழங்குடி மக்கள் பயம்னா என்னன்னே அறியாதவங்களாம். கரடியோட மல்லுக்கு நிக்கிறவங்களாம், மலைக்கு ராஜாவாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு பாப்பா, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன். கரடி மூச்சு விட்டாலே நாங்க அடுத்த மலையில இருப்போம். ராஜாவாம். பேசி முடிச்ச சூட்டுலயே ரோஷிணியக் கூப்பிட்டு, நீதான் முகாமுக்குத் தலைவின்னு சொல்லிட்டாரு. 'அஞ்சாத வனமகள்'னு ஒரு அட்டைய எழுதி அவ கழுத்துல மாட்டிவிட்டாங்க. எல்லாப் பிள்ளைகளும் கை தட்டுச்சு. இவ தலையக் குனிஞ்சு நின்னா. வெக்கப்படுறான்னு நினைச்சேன்.

அந்த முகாம்தான் இது. காலாண்டு லீவுல, காட்டோரமா, ஓடைக்கரையில கூடாரம் போட்டு. நேத்துக் காலையில போனாங்க.

வண்டி ஏன் இவ்வளவு மெதுவா ஏறுது? டிரைவர் அண்ணனுக்கு அவசரமே இல்ல. பாட்டு வேற போட்டு விட்டிருக்காரு.

என்ன கேட்டீங்க? ஆமா, அந்தப் பதில். நான் முழுங்கினது. சொல்றேன், நீங்க வெளியூருப் பிள்ளை, இறங்கினா போயிருவீங்க. சிரிக்கக் கூடாது.

எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது பயப்படத்தான் பாப்பா.

நிஜமாத்தான். எங்க வீட்டுல, எங்க வகையறாவுல அப்படி. காட்டுக்குள்ள நாலு பேரு போறோம்னு வெச்சுக்கங்க. அதுல ஒருத்தர், யாரா இருந்தாலும் சரி, பால்பல்லு விழாத பிள்ளைன்னாலும் சரி, 'பயமா இருக்கு'ன்னு சொல்லிட்டா எல்லாரும் திரும்பிரணும். போட்டது போட்டபடி. ஏன்னு கேக்கக் கூடாது. அது ரொம்ப முக்கியம், ஏன்னு கேக்கக் கூடாது. கேக்கிறது அசிங்கம். ஒருத்தரோட சேலைய இழுக்கிற மாதிரி. கேட்டா அடுத்த தடவ அவங்க சொல்ல மாட்டாங்கல்ல. பேசக் கூடாத இடமா இருந்தா வயித்துல இப்படிக் கைய வெச்சுக்கணும், உள்ளங்கை உள்பக்கம். பாத்தவங்க அவங்களும் வெக்கணும், அப்பத்தான் பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியும். அப்படியே கை மாறி கை மாறிப் போயி கடைசி ஆளு திரும்பினதும் எல்லாரும் திரும்பிருவாங்க.

ஒரு தடவ தேன்பாறையில கயிறு கட்டியாச்சு. எங்கப்பா கயித்துல கால் வெச்சாச்சு. என் தங்கச்சி கருப்பாயி, இவ்வளவுதான் இருப்பா, மூக்கு ஒழுகிக்கிட்டு எங்கம்மா இடுப்புல உக்காந்திருந்தவ வயித்துல கைய வெச்சிட்டா. அவளுக்குப் பசியோ என்னவோ, யாருக்குத் தெரியும். எங்கப்பா மறுபேச்சு பேசல. கயித்த அவிழ்த்துச் சுத்தினாரு, கிளம்பிட்டோம். அந்த வாரம் பூரா வீட்டுல கிழங்குதான்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கிறீங்களா. ஒண்ணும் ஆகல. பாறை உருளல, குளவி கொட்டல. பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது பாப்பா. அதுதான் கேவலம். ஏதாவது நடந்தாலாவது நாலு பேருகிட்டப் பெருமையாச் சொல்லலாம். ஒண்ணுமே நடக்காததுக்குப் பயந்து வெறுங்கையோட வீட்டுக்கு வந்துக்கிட்டே இருந்தா எப்படி முன்னேற? அதனாலதான் நாங்க இப்படியே இருக்கோம். பக்கத்து மலையில கீழ இருந்து ஆளுக வந்து, இரும்பு ஏணி போட்டு, தைரியமா எடுத்தாங்க. அங்கெல்லாம் பாறை மொட்டையாக் கிடக்கு. எங்க பாறையில மட்டும் இன்னைக்கும் தேன் தொங்குது. எடுக்கத் துப்பு இல்லாதவங்க, வேற என்ன.

இத அந்த வேப்பமரத்தடியில எப்படிச் சொல்ல? அஞ்சாத வனமகளோட அம்மா நானு.

கீழ வந்த புதுசுல, இத வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியல. மார்க்கெட்டுல எங்க கடைக்கு மேல ஒரு மரமச்சு உண்டு, சாக்கு அடுக்கி வெப்பாங்க. ஒரு நாள் அதுக்குக் கீழ உக்காந்திருக்கையில எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எந்திரிச்சு நின்னு வயித்துல கைய வெச்சு, பயமா இருக்கு, எல்லாரும் வெளிய வாங்கன்னு சொல்லிட்டேன். யாரும் வரல. வயித்து வலியான்னு கேட்டாங்க. ஏன் பயம், எதுக்கு பயம்னு கடைக்காரர் கேக்கிறாரு. அந்த மச்சு விழுந்துச்சான்னா, இல்ல. இன்னைக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அன்னையில இருந்து தினமும் டீ வரும்போது யாராவது ஒருத்தர், "என்னக்கா, இன்னைக்கு பயம் எப்படி இருக்கு?"ன்னு கேப்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். வேற என்ன பண்ண.

வீட்டுல மட்டும் விடல. அது எப்படி விடும். ராத்திரி சிலிண்டர் மாத்தும்போது, ரோட்டத் தாண்டும்போது வயித்துக்குக் கை தன்னால போகும். தவசி திட்டிக்கிட்டேதான் ஆட்டோவத் திருப்புவாரு, ஆனா திருப்பிருவாரு. ஏன்னு கேக்க மாட்டாரு. ரோஷிணி இதப் பாத்தே வளந்துட்டா. நான் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கல பாப்பா, சத்தியமா. அதுவா ஒட்டிக்கிச்சு.

அஞ்சாவது படிக்கும்போது அணைக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்க. போட்டுல ஏறும்போது இவ வயித்துல கைய வெச்சுக்கிட்டு, பயமா இருக்கு சார், யாரும் ஏற வேண்டாம்னு சொல்லியிருக்கா. சார் ஏன்னு கேட்டிருக்காரு. ஏன்னு கேக்கக் கூடாது சார்னு சொன்னாளாம். அப்புறம் சும்மா விடுவாங்களா? எல்லாப் பிள்ளைகளும் போட்டுல போயிட்டு வந்துச்சு, இவ மட்டும் கரையில உக்காந்திருந்தா. திரும்பி வர்ற வழி பூரா பஸ்ஸுல பையனுக வயித்துல கைய வெச்சு வெச்சுக் காமிச்சிருக்கானுக. "பயந்தாங்கொள்ளிப் பளிச்சி"ன்னு பாட்டு கட்டிட்டானுக.

வீட்டுக்கு வந்து எம் மடியில படுத்து அழுதா பாருங்க, அன்னைக்கு முடிவு பண்ணினேன். கண்ணு, அது நம்ம வீட்டோட இருக்கட்டும். வெளிய, ஸ்கூல்ல, எங்கயும் அந்தச் சொல்ல எடுக்காத, வயித்துல கை வெக்காத. பயம் வந்தா பல்லக் கடிச்சு முழுங்கிரு. செய்வியான்னு கேட்டேன். செய்வேன்மான்னு என் தலையில கைய வெச்சா. அன்னையில இருந்து ஒரு தடவ சொன்னதில்ல. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. என் மகளுக்கு பயமே கிடையாதுன்னு மார்க்கெட் பூராவும் சொல்லி வெச்சிருக்கேன்.

ஆமா. நல்ல பிள்ளை.

பாப்பா, இந்தப் போட்டோவப் பாருங்க. பெத்தவங்க குரூப்புல டீச்சர் நேத்து சாயங்காலம், கொஞ்சம் டவர் கிடைச்ச நேரத்துல போட்டது. கூடாரம் எல்லாம் ஆரஞ்சுக் கலர்ல அழகா இருக்குல்ல? மணல் எவ்வளவு வெள்ளையா, கழுவி விட்ட மாதிரி இருக்கு. கழுவி விட்ட மாதிரின்னுதான் எனக்கும் தோணுச்சு. யாரு கழுவினாங்கன்னு. இந்த மரத்தப் பாருங்க, நீர்மருது. கிளை பிரியுற இடத்துல காஞ்ச புல்லும் சருகும் கத்தையா சிக்கியிருக்கு, தெரியுதா? கூடு இல்ல அது. குருவி இப்படிக் கட்டாது, ஒரே பக்கமா சீவி விட்ட மாதிரி. என் மக தலைக்கு எவ்வளவு மேல இருக்குன்னு பாருங்க. அது தானா ஏறியிருக்காது, ஓடை ஏத்தியிருக்கணும்.

டீச்சர் பாத்திருக்காது. பாத்தாலும் சருகுன்னு நினைச்சிருக்கும். நானும் சருகுன்னுதான் சொல்றேன். எனக்கு இதெல்லாம் தெரியாது பாப்பா, பயந்தவ கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்.

ஆனா இவளப் பாருங்க. முன்னாடி நிக்கிறாளே, கழுத்துல அட்டையோட, இவதான் ரோஷிணி. சிரிக்கிறா. இடது கை இடுப்புல, தலைவி மாதிரி. வலது கை எங்க? பின்னாடி. முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கா. எல்லாப் பிள்ளையும் கைய ஆட்டுது, விரல விரிச்சுக் காட்டுது. இவ ஏன் ஒளிச்சு வெச்சிருக்கா?

அந்தக் கை எங்க போகப் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியும். அத எப்படிப் பிடிச்சு வெச்சிருக்கான்னும் தெரியும். இதோ இப்படி, விரலெல்லாம் வெளுத்துப் போற மாதிரி.

அவ சொல்ல மாட்டா பாப்பா. என் தலையில கை வெச்சிருக்கா. தண்ணி கழுத்துக்கு வந்தாலும் சொல்ல மாட்டா.

தவசிகிட்டக் காலையில போட்டோவக் காட்டினேன். வெயில் பல்லக் காட்டுது, நீ வேறங்கிறாரு. கீழ வெயில் அடிச்சு என்ன பண்ண. மார்க்கெட் மாடியில ஏறிப் பாத்தேன், மலையோட தலையக் காணோம். கழுத்து வரைக்கும்தான் தெரிஞ்சுச்சு, அதுக்கு மேல கருப்பு. பூவ அப்படியே போட்டுட்டு ஓடி வந்து இந்த வண்டியப் பிடிச்சேன். கடைக்காரர் பின்னாடியே கத்துறாரு, என்னக்கா, இன்னைக்கு பயம் ஜாஸ்தியான்னு.

பொறுங்க. பேசாதீங்க.

வந்துச்சு பாருங்க. உங்களுக்கு வருதா? மண்வாசம் இல்ல. மண்வாசம்னா மழை இங்க பெய்யப் போகுது, அது நல்லது. இது வேற. அழுகின இலை, வேரு, சேறு. மேல எங்கயோ ஓடைக்குத் தலைமாட்டுல தண்ணி பிராண்டிக்கிட்டு இறங்குது. அண்ணே, கண்டக்டர் அண்ணே, அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்களேன். ஒண்ணுமில்ல. தலை வலிக்குது.

நிறுத்தல. சிரிக்கிறாரு. என்னக்கா, பாட்டு பிடிக்கலையான்னு. சரி விடுங்க.

இன்னும் ரெண்டு வளைவுதான். அதத் தாண்டினா தரைப்பாலம். தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கி ஓடைய ஒட்டியே மேல நடந்தா, கூப்பிடு தூரந்தான், அந்த மணல். அவ்வளவுதான். கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா...

ஏன் நிக்குது வண்டி?

தண்ணி. பாலத்து மேல தண்ணி போகுது. எவ்வளவு, எந்திரிச்சுப் பாருங்களேன், நீங்க உயரமா இருக்கீங்க. கணுக்கால் அளவா? ஆமா, கணுக்காலுக்குத்தான். இப்பத்தான் ஒரு பைக்குக்காரன் தாண்டிப் போனானா? அப்ப ஒண்ணுமில்ல. தாண்டிரலாம். அண்ணே, போங்கண்ணே. நிக்காதீங்க. என் பிள்ளை அந்தப் பக்கம் இருக்குண்ணே, கணுக்கால் தண்ணிதான, எல்லாரும் சொல்றாங்கல்ல, போங்க.

பாப்பா. அது என்ன?

அங்க, பாலத்து ஓரக் கல்லுல வந்து சுத்திக்கிச்சே. துணி. ஆரஞ்சுத் துணி.

அது கூடாரம். கூடாரம் பாப்பா. போட்டோவுல இருந்துச்சே. அது ஏன் இங்க வருது? அதுக்குள்ள... இல்ல, காலியாத்தான் இருக்கு. தட்டையா இருக்கு. காலின்னு சொல்லுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க, என்னால பாக்க முடியல. காலியா?

ரோஷிணி. ரோஷிணி. கேக்காது. இந்த இன்ஜின் சத்தத்துல எங்க கேக்கும்.

எங்க? எந்தப் பக்கம் கையக் காட்டுறீங்க? மணல் எங்கன்னே தெரியலையே, எல்லாம் சேத்துத் தண்ணி. மேலயா? பாறை மேலயா?

பச்சைத் தொப்பி. ஆமா. இயற்கை மன்றத் தொப்பி. ஒண்ணு, அதுக்குப் பின்னாடி... எல்லாப் பிள்ளையும் இருக்குல்ல? டீச்சர் எண்ணிக்கிட்டு நிக்குது, தெரியுதா? எண்ணி முடிச்சிட்டு உக்காந்திருச்சு. அப்ப எல்லாரும் இருக்காங்க. இருக்காங்க பாப்பா. சோத்துப் பாத்திரம்கூட மேல இருக்கு. முன்னாடியே ஏறியிருக்காங்க. தண்ணி வந்தப்புறம் பாத்திரத்தத் தூக்கிட்டு யாரு ஏறுவா?

அப்ப சொல்லிட்டா. என் தலையில கை வெச்சவ, சொல்லிட்டா.

அவ எங்க? அட்டையக் காணோம் கழுத்துல. ஓரத்துல தனியா நிக்கிறாளே, அவளா? அவதான். எம் பிள்ளைதான். இந்த வண்டியத்தான் பாக்கிறா. நான் இருக்கிறது அவளுக்கு எப்படித் தெரியும், தெரியாது, சும்மா வண்டியப் பாக்கிறா. கைய ஆட்டு கண்ணு. ஏன் கைய ஆட்ட மாட்டேங்கிறா?

அய்யோ.

வயித்துல வெச்சிருக்கா.

எல்லாரு முன்னாடியும். டீச்சர், பையனுக, இந்த பஸ்ஸு பூராவும் பாக்க. வெக்கமா இல்லியா இவளுக்கு. பக்கத்துல நிக்கிற பையன் என்ன பண்றான்? கேலி பண்றானா? இல்ல. அவனும் வெச்சிருக்கான். அந்தக் குட்டிப் பிள்ளையும். வரிசையா, அடுத்தது, அடுத்தது... டீச்சருமா? டீச்சரும் எந்திரிச்சு வெச்சிருக்கு பாப்பா.

கை மாறி கை மாறி வந்துருச்சு. கடைசி ஆளு யாரு?

வண்டி நகருது. கியர் போட்டுட்டாரு. அண்ணே, நிறுத்துங்க. டிரைவர் அண்ணே, வேண்டாம், பாலத்துல இறக்காதீங்க. ஆமாண்ணே, நான்தான் போகச் சொன்னேன். ஆமா, என் பிள்ளைதான் அந்தப் பக்கம். எனக்குப் போக வேண்டாமா என்ன, இப்பவே பறந்து போகணும்போலதான் இருக்கு. வேண்டாண்ணே.

எனக்கு பயமா இருக்கு.

ஏன்னு கேக்காதீங்கண்ணே. அத மட்டும் கேக்காதீங்க. எனக்குச் சொல்லத் தெரியாது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. பின்னாடி சீட்டு அண்ணே, நீங்களும் சிரிச்சுக்கங்க, வழக்கந்தான் எனக்கு. திட்டுறவங்க திட்டுங்க, நான் எந்திரிச்சு நிக்கிறேன், கைய எடுக்க மாட்டேன். ஒண்ணும் நடக்காமக்கூடப் போகலாம். பெரும்பாலும் நடக்காது. மச்சு விழல. ஆனாலும் வேண்டாம்.

நீங்க ஏன் பாப்பா எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, உங்களையும் சிரிப்பாங்க. பஸ் ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை சத்தமாப் பேசல நீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த... கைய எடுங்க. அப்படி இல்ல, உள்ளங்கை உள்பக்கம். ம்.

ரிவர்ஸ் எடுக்கிறாரு. திட்டிக்கிட்டேதான் எடுக்கிறாரு, தவசி மாதிரியே. எடுக்கட்டும். வளைவு வரைக்கும் போகட்டும், இன்னும் மேல, இன்னும். போதும்ணே.

இன்ஜின நிறுத்திட்டாரு. பாட்டும் நின்னுருச்சு.

இப்பக் கேக்குது. மேல இருந்து, நிறைய லோடு லாரி ஒண்ணா இறங்குற மாதிரி. உங்களுக்குக் கேக்குதா பாப்பா?

ஜன்னல மூடிறாதீங்க. அவ இன்னும் கைய எடுக்கல.